ஊர் ஊராகப் போகும் மீன் தொட்டி: வாசகர் கேள்விகள்

விழாக்களுக்கும் கண்காட்சிகளுக்கும் நன்னீர் மீன்களைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அவற்றை உயிரோடு திரும்பக் கொண்டுவருவது என் தொழில். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றியவைதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் நான்கடித் தொட்டியை மீன்களோடு அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு போகலாமா? பாதித் தண்ணீரை எடுத்துவிட்டால் எடை குறைந்துவிடும் என்று நினைக்கிறோம். – ஓர் ஆசிரியை

வேண்டாம் டீச்சர். நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 250 லிட்டர் பிடிக்கும். அதாவது 250 கிலோ. கண்ணாடியின் எடை தனி. பாதித் தண்ணீரை எடுத்தால் எடை குறையும், ஆபத்து கூடும். நிறைந்த பாத்திரத்தில் தண்ணீருக்கு அசைய இடமில்லை. பாதிப் பாத்திரத்தில் ஒவ்வொரு பிரேக்குக்கும் மொத்தத் தண்ணீரும் ஒரு பக்கச் சுவரில் போய் மோதும். கண்ணாடித் தொட்டி, சமதளத்தில் முழு அடிப்பாகமும் பதிந்து உட்காருவதற்காகச் செய்யப்பட்டது. தண்ணீரோடு தூக்கினால் லேசாக முறுக்கிக்கொள்ளும். மூலைகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் அங்கே பிரியும். உடனே ஒழுகினால் நல்லது, கண்ணுக்குத் தெரிந்துவிடும். நடுராத்திரியில் மண்டபத்தைப் பூட்டிய பிறகு ஒழுக ஆரம்பித்தால்தான் வம்பு.

அதனால் தொட்டி காலியாகப் போகட்டும். மீன்கள் தனியாகப் போகட்டும்.

மீன்களுக்கான வேலை புறப்படும் நாளில் தொடங்குவதில்லை. ஒன்றிரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுவேன். பட்டினி போடுகிறோமே என்று பாவம் பார்க்க வேண்டாம். வளர்ந்த மீன் இரண்டு நாள் சாப்பிடாமல் சாதாரணமாக இருக்கும். ஆனால் வயிறு நிறைய இருக்கும் மீன் பைக்குள் கழிவை விட்டால் அந்தக் கொஞ்சத் தண்ணீர் சீக்கிரமே கெட்டுப்போகும்.

பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். தண்ணீரை அதிகம் ஊற்றினால் மீனுக்குச் சௌகரியம் என்று பலர் நினைக்கிறார்கள். வழியில் மீனுக்குத் தேவைப்படுவது அந்தக் காற்றுதான். பையை இரட்டையாகப் போட்டு, அடி மூலைகள் இரண்டையும் மடக்கி டேப் ஒட்டிவிடுங்கள். குட்டி மீன்கள் அந்தக் கூர்மூலையில் போய்ச் சிக்கி நசுங்கும். கெளுத்தியைப் பையில் போடவே கூடாது, அதன் முள் ஒரே குத்தில் பையைக் கிழித்துவிடும். அதற்கு மூடி போட்ட வாளியும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் வேண்டும். பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடுங்கள். இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும், சூடும் ஏறாது. சூடு ஏறக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடான தண்ணீரில் மீனுக்கு மூச்சும் அதிகம் தேவைப்படும், கிடைப்பதோ குறைவு.

கல் உப்பு கொஞ்சம் போடலாம், அயோடின் சேர்க்காதது. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். நன்னீர் மீனின் ரத்தத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். வலையில் பிடித்து அலைக்கழிக்கும்போது அந்த உப்பு செவுள் வழியாக வெளியே கசியும். தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருந்தால் கசிவு குறையும்.

கடைசியாக, பலரும் மறந்துவிடுகிற ஒன்று: ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்ச். அதைக் குழாயடியில் பளிச்சென்று கழுவி எடுத்துவைத்துவிடுவார்கள், அழுக்காகத் தெரிகிறதே என்று. மீன் விடுகிற அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த அழுக்கில்தான் குடியிருக்கிறது. புதிதாக வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்; உங்கள் கண்காட்சியோ இரண்டு நாள். தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை முக்கி, இறுக்கி மூடாத டப்பாவில் கொண்டுபோங்கள். அதுவும் உயிருள்ள சரக்கு, அதற்கும் மூச்சு வேண்டும். பழைய தண்ணீரையும் கேன்களில் முடிந்த அளவு எடுத்துப்போங்கள். மிச்சத்துக்கு அங்கே இருக்கும் குழாய்த் தண்ணீரைச் சேர்ப்பீர்கள். அதில் குளோரின் இருந்தால் சோடியம் தயோசல்பேட் சேர்த்தால் சரியாகிவிடும். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் போய்விடும் என்பது குளோரினுக்குப் பொருந்தும். சில இடங்களில் கலக்கும் குளோரமின் அப்படிப் போகாது. அதற்கென்றே விற்கும் மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

நான் ஒவ்வொரு தடவையும் நிதானமாகத்தான் மீன்களை மாற்றுகிறேன். பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேர்த்து, பிறகே விடுகிறேன். ஆனாலும் மறுநாள் இரண்டு மூன்று செத்து மிதக்கின்றன. இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டுமா?

இன்னும் வேகமாகச் செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை வெட்டி ஒட்டிவைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

பை கட்டியிருக்கும் வரை உள்ளே இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒன்று மீன் செவுள் வழியாக விடும் அமோனியா. இன்னொன்று அது மூச்சுவிடும் கார்பன் டை ஆக்சைடு. கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் தண்ணீர் அமிலத் தன்மைக்குப் போகும், பிஎச் இறங்கும். பிஎச் இறங்கிய தண்ணீரில் அமோனியாவின் பெரும்பகுதி அமோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவத்தில் அடங்கியிருக்கும். அதனால்தான் நாற்றமடிக்கும் பைக்குள்ளும் மீன் தெம்பாக நீந்துகிறது.

இப்போது நீங்கள் ரப்பர் பேண்டை அவிழ்க்கிறீர்கள். கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது, பிஎச் ஏறுகிறது. அது 7-லிருந்து 8-க்கு ஏறினாலே விஷமான அமோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். நீங்களோ அந்தத் தண்ணீரில் மீனை ஒரு மணி நேரம் வைத்துப் பக்குவம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், செவுள் வெந்துபோகிறது. மீன் அன்றைக்கே சாகாது. அதனால்தான் மறுநாள் வேறு எதன் மேலோ சந்தேகம் வருகிறது.

நான் செய்வது இது. கட்டை அவிழ்க்காமல் பையைத் தொட்டியில் கால் மணி, இருபது நிமிடம் மிதக்க விடுவேன். சூடு சமமாவதற்கு அது போதும். பிறகு பையைத் திறந்த கையோடு ஒரு வாளி மேல் வலையைப் பிடித்துத் தண்ணீரை வடித்துவிட்டு மீனை மட்டும் தொட்டிக்குள் விடுவேன். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. மீன்கள் ஏற்கெனவே இருந்த தண்ணீரை நீங்களும் கேன்களில் கொண்டுவந்திருந்தால் இந்த வேகம் மீனை ஒன்றும் செய்யாது. இரண்டு தண்ணீரும் தன்மையில் ரொம்பவே வேறுபட்டால் மட்டும் தனி வாளியில், ஏர் பம்ப் ஓட, அமோனியாவைக் கட்டும் மருந்தும் போட்டுப் பிறகு மெதுவாகப் பழக்கலாம்.

கண்காட்சிக்கு எந்த மீன்கள் நன்றாக இருக்கும்? கலர் கலராக இருந்தால்தானே கூட்டம் நிற்கும்?

கலரைப் பார்த்துக் கூட்டம் வரும், உடனே போயும் விடும். "அழகா இருக்குல்ல" என்று ஒரு வார்த்தை, ஒரு செல்ஃபி, அடுத்த அரங்கு. ஜனங்கள் நிற்பது மீன் ஏதாவது செய்யும்போதுதான்.

என் தொட்டிகளில் அதிகக் கூட்டம் சேர்ப்பது பார்க்கச் சாம்பல் நிறத்தில் இருக்கும் ஒரு விரால். அது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். செவுளுக்கு மேலே தலைக்குள் அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. அங்கே காற்றிலிருந்து நேராக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். வளர்ந்த விராலுக்கு இது விருப்பப்பட்ட வேலை இல்லை, கட்டாயம். மேலே வர வழியில்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். "மீன் தண்ணில மூழ்கிச் சாகும்" என்று சொன்னால் பெரியவர்களே நம்பமாட்டார்கள். நின்று அது மேலே வருவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். முதல் பதிலில் நிறைந்த பாத்திரம் என்று சொன்னதை வைத்துக்கொண்டு விராலை விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மூடிவிடாதீர்கள். அதற்கு மட்டும் மூடிக்குக் கீழே ஒரு சாண் காற்று வேண்டும். மூடியின் மேல் கனமாக ஏதாவது வைக்கவும் வேண்டும், தாண்டிக் குதிக்கிற மீன் அது.

பனையேறிக் கெண்டையும் காற்றைக் குடிக்கும் வகைதான். ஆரலைப் பொடி மணல் போட்ட தொட்டியில் விட்டுப் பாருங்கள். உடம்பை முழுக்க மணலுக்குள் நுழைத்துக்கொண்டு மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டிவைக்கும். முதலில் யாருக்கும் தெரியாது. ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் போதும், பிறகு அந்தத் தொட்டியைச் சுற்றிச் சத்தம்தான். கண்ணாடிக் கெளுத்தி என்று ஒன்று உண்டு, வாலுக்குப் போகும் முதுகெலும்பு வரை தெளிவாகத் தெரியும். எலும்பை வரைந்து காட்டும் படத்தைவிட அது மேல்.

எதை எடுத்தாலும் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு தொட்டியில் பத்து வகையைத் திணித்தால் யாரும் எதையும் பார்ப்பதில்லை. சில மீன்களை வைத்திருக்கவோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவோ தடை உள்ள நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் 2002-இலிருந்து விரால் இனத்தை இறக்குமதி செய்வதற்கே தடை. உங்கள் மீன்வளத் துறையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் வந்ததும் மீன்கள் மூலையில் போய் ஒளிந்துகொள்கின்றன. கல்லையும் செடியையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள் விழா நடத்துபவர்கள். எடுத்துவிடலாமா?

எடுத்தால் இன்னும் மோசமாகும். ஒளிய இடமில்லாத மீன் வெளிறிப்போய் ஒரு மூலையில் விறைத்து நிற்கும், இல்லாவிட்டால் கண்ணாடியில் மேலும் கீழும் முட்டிக்கொண்டிருக்கும். ஓடிப்போக இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது வெளியே வரும். கற்களை இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

அத்தோடு நான்கு பக்கமும் ஆட்களை நிற்க விடாதீர்கள். தொட்டியின் பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டையும் கறுப்பு அட்டையால் மூடி, முன்பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். தொட்டிக்கு முன்னால் ஓரடி தள்ளி ஒரு கயிறு கட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விளக்கைப் பட்டென்று போடுவதும் அணைப்பதும் கூடாது. மீனுக்கு இமை கிடையாது, மறைத்துக்கொள்ள வழியில்லை. காலையில் முதலில் அறை விளக்கு, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. ராத்திரி அதற்கு நேர்மாறாக.

மேடைக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாட்டுக் கச்சேரி நடக்குமாம். மீனுக்குத்தான் காது இல்லையே, பரவாயில்லைதானே?

வெளியே மடல் இல்லை, உள்ளே காது இருக்கிறது. கெண்டை, கெளுத்தி, அயிரை வகையறாக்களுக்கு இன்னும் ஒரு படி மேலே. அவற்றின் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் நடுவே சங்கிலிபோல் சின்னச் சின்ன எலும்புகள் உண்டு. வெபர் எலும்புகள் என்பார்கள். காற்றுப்பை ஒலியில் அதிரும், அந்த அதிர்வை எலும்புகள் நேராகக் காதுக்குக் கடத்தும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கெண்டையை வைப்பதும் கைக்குழந்தையை வைப்பதும் ஒன்றுதான். இது போதாதென்று உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு வேறு, தண்ணீரின் சிறு அசைவையும் வாங்கிக்கொள்ளும். கண்ணாடியைத் தட்டாதீர்கள் என்று எழுதி வைப்பதும் இதனால்தான்.

இடத்தை மாற்றிக் கேளுங்கள். நான் போய் இறங்கியதும் முதலில் பார்ப்பது ஸ்பீக்கர் எங்கே என்று. அடுத்து, சாயங்கால வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும். மூன்றாவது, தரை. கட்டைகளை அடுக்கிப் பலகை போட்ட மேடை என்றால் அதில் தொட்டி வைக்க மாட்டேன், எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் சரி. ஒருவர் நடந்தாலே தண்ணீர் அலையடிக்கும். மின்சார இணைப்பு நாலாவதுதான், ஆனால் அதில் சமரசம் இல்லை. கசிவு ஏற்பட்டால் தானாக அறுந்துவிடும் பிரேக்கர் இருக்க வேண்டும். ஒயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்கு ஏறக் கூடாது, கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பிள்ளைகள் மீனைத் தொட்டுப் பார்க்க ஒரு திறந்த தொட்டி வைக்கலாமா?

வேண்டாம். மீனின் மேல் வழவழவென்று இருப்பது அதன் முதல் காப்பு. கை பட்ட இடத்தில் அது உரிந்துவிடும், அங்கே பூஞ்சை பிடிக்கும். வரிசையில் நிற்கும் கைகளில் சோப்பு, சானிடைசர், கிரீம் என்று எல்லாம் இருக்கும், அத்தனையும் தண்ணீருக்குள் இறங்கும். தொட்டே ஆக வேண்டும் என்றால் உதிர்ந்த செதில்களைக் காயவைத்து ஒரு லென்ஸோடு மேஜையில் வையுங்கள். மரத்தில் இருப்பதுபோல் செதிலிலும் வளையங்கள் உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள், உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு.

மீன் தூங்குமா? – ஆறாம் வகுப்பு

தூங்கும் கண்ணு. கண்ணை மூடாது, அதனால் உனக்குத் தெரியாது. ராத்திரி டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரில் அடித்து, அந்த வெளிச்சத்தில் பார். அசையாமல், நிறம் கொஞ்சம் மங்கி, அடியில் கிடக்கும்.

இப்படி மீன்களை ஊர் ஊராகக் கொண்டுபோவது எப்போது தொடங்கியது?

வேடிக்கை காட்டக் கொண்டுபோனவர்கள் பலர் இருந்திருப்பார்கள். நான் அடிக்கடி சொல்லும் கதை மீன் ரயில். லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்ற அமெரிக்க மீன்வளர்ப்பாளர் 1873-இல் ஒரு ரயில் பெட்டிக்குள் தொட்டிகளைக் கட்டி, கிழக்குக் கரையிலிருந்து உயிர் மீன்களை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். நெப்ராஸ்காவில் எல்க்ஹார்ன் ஆற்றைக் கடக்கும்போது பாலம் சரிந்து பெட்டி ஆற்றில் விழுந்தது. ஸ்டோன் தப்பித்தார். மீன்கள் போக வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிக்கொண்டன.

அவர் விடவில்லை, மறுபடி கொண்டுபோனார். 1881-இல் அங்கே மீன்களுக்கென்றே அரசு ஒரு ரயில் பெட்டியைத் தயார் செய்தது. பிறகு பல பெட்டிகள் வந்து, 1947 வரை ஓடின. அவற்றின் வேலை கண்காட்சி இல்லை, ஆறு ஏரிகளில் மீன் விடுவது. எனக்குப் பிடித்தது அதில் போன ஆட்களின் பாடு. தொடக்கத்தில் மீன்களைப் பால் கேன்களில்தான் ஏற்றினார்கள். ஏர் பம்ப் இல்லாத காலம். ராத்திரி பகலாக ஓர் ஆள் கேன் கேனாகப் போய், தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே வர வேண்டும், காற்று கலப்பதற்காக. பேட்டரி பம்ப் மக்கர் செய்தால் இன்றைக்கும் நான் செய்வது அதையேதான்.

விழா முடிந்ததும் மீன்களைப் பக்கத்துக் குளத்தில் விட்டுவிடலாமா? அல்லது வந்த பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கலாமா? திரும்பக் கொண்டுபோகும் சிரமம் மிச்சமாகுமே.

இரண்டும் கூடாது. தொட்டி மீன் குளத்தில் செத்துப்போனால் ஓர் உயிர் போனது. சாகாமல் பிழைத்துக்கொண்டால் பிரச்சினை பெரிது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி அரையடியில் நிற்காது, ஒன்றரையடி வரை வளரக்கூடிய வகைகள் அதில் உண்டு. கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். கொசுவைத் தின்னும் என்று உலகெங்கும் கொண்டுபோய் விட்ட கம்பூசியா பல இடங்களில் அங்கேயே இருந்த சிறு மீன்களையும் தவளை முட்டைகளையும் சேர்த்துத் தின்றது. அந்த ஊர் மீனாகவே இருந்தாலும் உங்கள் தொட்டியில் ஒட்டிய நோய் அதோடு போகும்.

பரிசு என்றால், வீட்டுக்குப் போகும் பிள்ளையின் கையில் ஒரு பையும் அதில் ஒரு மீனும்தான் இருக்கும். தொட்டி இருக்காது, பாக்டீரியா வளர்ந்த ஃபில்டர் இருக்காது. அந்த மீன் ஒரு வாரம் தாங்கினால் அதிகம். பென்சில் கொடுங்கள்.

திரும்பும் பயணத்துக்கும் பட்டினி, பை, பெட்டி எல்லாம் அதே கணக்குத்தான். விழாவின் கடைசி நாள் தீனி போடக் கூடாது, யார் கெஞ்சினாலும் சரி. கெஞ்சுவார்கள்.

மீன்களை இப்படி அலைக்கழிப்பது கொடுமையில்லையா?

கொஞ்சம் கொடுமைதான். சும்மா இருக்கும் மீனைவிடப் பயணம் போன மீன் சிரமப்படுகிறது. அதை மறைத்துப் பேசினால் நான் இந்தத் தொழிலில் இருக்கத் தகுதியில்லாதவன். அதனால் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். ஒரு பயணம் போய்வந்த மீன் அடுத்த பயணத்துக்கு வராது, பல வாரம் ஓய்வு. ஆற்றிலிருந்து புதிதாகப் பிடித்த மீனை உடனே காட்சிக்கு வைப்பதில்லை. தனித் தொட்டியில் பழகி, தீனியெடுத்த பிறகுதான். முட்டை சுமக்கும் மீனும் காயம்பட்ட மீனும் வீட்டோடு. கடும் கோடையில் திறந்தவெளி விழாவுக்கு அழைத்தால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவேன். இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, இதற்கும் மேல் எதற்கு, படம் காட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்டால் உங்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். விராலைப் பார்த்துவிட்டு "எங்க ஏரில இது இன்னும் இருக்கா" என்று கேட்கும் ஆட்களுக்காகத்தான் நான் வண்டியை எடுக்கிறேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் பலகையில் என்னவெல்லாம் எழுதலாம்? நாங்கள் எழுதியதை யாரும் படிக்கவில்லை.

விலங்கியல் பெயர், குடும்பம், பரவல் என்று எழுதியிருப்பீர்கள். அதைப் பின்னால் சின்னதாகப் போடுங்கள். முதல் வரியில், மீனை எங்கே தேட வேண்டும் என்று எழுதுங்கள்: "மணலைப் பாருங்கள், ஒரு மூக்கு தெரியும்." அடுத்த வரியில் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று: "கொஞ்சம் நில்லுங்கள், இது மேலே வந்து காற்று குடிக்கும்." மூன்றாவது வரி வேண்டாம். பலகையைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள். பெரியவர்கள் குனிந்து படிப்பார்கள். குனிந்தால் அவர்கள் கண்ணும் தொட்டிக்கு நேராக வந்துவிடும்.